பிரிக்காத மிதவைக்கு ஒரு கையெழுத்து

ஹெர்மான் சமையலறை மேசையில் கடல் வரைபடத்தை விரித்திருந்தான். அதன் தெற்கு மூலை சுருளாமல் இருக்க வெண்ணெய்க் கிண்ணம், வடக்கு மூலைக்குச் சின்ன மகளின் பால் கோப்பை. இரண்டுக்கும் நடுவில் உருகுவாய்க் கரை முழுக்க ரொட்டித் தூள். ஒரு கையில் மாத்தே மூலிகைத் தேநீர்க் கோப்பை, மறு கையில் சிவப்புப் பென்சில். மனைவி யானினா வேலைக்குக் கிளம்பும் அவசரத்தில் ஒரு காலில் மட்டும் செருப்போடு நின்றுகொண்டிருந்தாள்.

மூன்று வருடத்துக்கு முன் இந்தத் திட்டம் ரொம்ப அடக்கமாகத்தான் பிறந்தது. ஆற்றைத் தாண்டி எதிர்க்கரையில் இருக்கும் கொலோனியாவுக்குப் போய், ஐஸ்கிரீம் சாப்பிட்டுவிட்டு, சாயங்காலம் வீடு திரும்புவது. ஆனால் ஹெர்மான் மாத்தேவுக்குக் கெண்டியில் தண்ணீர் சுட வைக்கும் ஒவ்வொரு தடவையும் அது ஐந்நூறு கிலோமீட்டர் நீண்டது. முதல் கெண்டியில் பூந்தா தெல் எஸ்தே. இரண்டாவதில் பிரேசில். குளிர்காலம் முடிவதற்குள் கரீபியன் தீவுகளைத் தாண்டி பசிபிக்கில் போய்க்கொண்டிருந்தது. இன்னும் ஒரு கெண்டி வைத்திருந்தால் நிலாவுக்கும் சிவப்புக் கோடு போட்டிருப்பான். படகோ ஒன்பது மீட்டர். நாலு பேர் ஒரே நேரத்தில் தும்மினால் சாய்ந்துவிடும் என்று படகு கிளப்பில் சொல்வார்கள். அதன் பெயர் ‘தெர்க்கா’. பிடிவாதக்காரி என்று அர்த்தம்.

“அடுத்த சனிக்கிழமை கிளம்புறோம். கிறிஸ்துமஸ் பிரேசில்ல, புளோரியனோபோலிஸ்ல. பிள்ளைங்க மணல்ல விளையாடிக்கிட்டே பரிசு பிரிக்கும், பாரேன்” என்றான் ஹெர்மான்.

“அந்த மணலுக்கு பஸ் போகுது.”

“பஸ்ஸா? ஏய் ஒல்லி, பஸ்ல யாரு வேணா போகலாம். கடல்ல போனாத்தான் குடும்பம்னு பேரு.”

யானினாவை ஒல்லி என்று அழைப்பது அவன் காதலித்த நாளிலிருந்து வந்த பழக்கம். அதற்கப்புறம் இரண்டு மகள்கள் பிறந்து, அவள் ஒல்லியாக இருப்பதை நிறுத்திப் பல காலமாகிவிட்டது. பெயர் மட்டும் நின்றுவிட்டது.

“ரியோ கிராந்தே துறைமுகம் தாண்டிட்டா முன்னூறு மைலுக்கு ஒதுங்க ஒரு இடம் கிடையாதுன்னு நீதானே சொன்னே?” என்றாள் அவள். “நடுவுல காத்து திரும்பிட்டா? ராத்திரி எதுலயாவது மோதிட்டா? ரெனாத்தாவுக்கு மூணு வயசு. அவளை எந்தக் கையில பிடிக்கிறது, சுக்கானை எந்தக் கையில பிடிக்கிறது?”

“அதுக்குத்தான் உயிர்காப்பு மிதவை இருக்கே. கயித்தை இழுத்தா போதும், பத்து நொடியில கூரையோட ஒரு வீடே எழும்பி நிக்கும். செப்டம்பர்லதான் சோதிச்சு ஸ்டிக்கர் ஒட்டியாச்சு. நீ ஒரு கோப்பை தீலோ தேநீர் குடி. நரம்புக்கு நல்லது.”

தீலோ தேநீர். எங்கள் ‘மூன்று கொக்குகள்’ படகு கிளப்பில் கேள்வி கேட்கும் பெண்களுக்கு எல்லாம் இதே மருந்துதான். பாய்மரம் ஏன் கிழிந்திருக்கிறது என்று கேட்டால் தீலோ. இயந்திரம் ஏன் புகைகிறது என்று கேட்டால் தீலோ. என் கணக்கில் அந்தக் கிளப் மனைவிமார் குடித்த தீலோவில் ஒரு சரக்குக் கப்பலை மிதக்க விடலாம். கிழிந்த பாய் கிழிந்தபடியே இருக்கும். கேட்டவளுக்கு நரம்புத் தளர்ச்சி என்று பெயர் வந்துவிடும்.

யானினாவுக்கு இந்தப் பெயர் மற்றவர்களைவிடச் சீக்கிரமாகவே கிடைத்தது. அவள் பிறந்தது சந்தியாகோ தெல் எஸ்தெரோவில். மழையில்லாத மாதங்களில் அங்கே ஆறே விடுமுறை எடுத்துக்கொள்ளும். வறண்ட ஊர்க்காரிக்கு அலை என்றால் உதறல் என்று கிளப்பே முடிவுகட்டிவிட்டது. அவளும் கொஞ்சம் நம்பத் தொடங்கியிருந்தாள். பயம் உண்மைதான். இரவில் அல்ல, பட்டப் பகலில், அவள் வேலை பார்க்கும் பல் மருத்துவமனையில் கருவிகளைக் கொதிகலத்தில் அடுக்கும்போது, தண்ணீர் கொதிக்கும் சத்தத்தில் அவளுக்குப் படகு மூழ்கும். முப்பது கருவிகளை எண்ணி அடுக்குவதற்குள் நாலு தடவை மூழ்கி எழுவாள்.

அந்த வாரம் சனிக்கிழமை அவள் படகில் சாமான் அடுக்கிக்கொண்டிருந்தாள். அரிசி, பயறு, டின் மீன், பிள்ளைகளின் மழைச் சட்டை. ஆறு வயது மூத்த மகள் மிலி மேல்தளத்தில் பாய்மரத்தடியில் உட்கார்ந்து பொம்மைக்குத் தலைவாரிக்கொண்டிருந்தாள். அவள் சாய்ந்திருந்தது உயிர்காப்பு மிதவை மீது. மிதவை என்றால் பார்க்க ஒன்றுமில்லை. பெரிய தர்பூசணி அளவில் இரண்டு ஓடுகள் ஒன்றோடொன்று மூடிய வெள்ளைப் பெட்டி. உள்ளே மடித்து வைத்த மிதவை, அதை ஊதும் சிலிண்டர், குடிதண்ணீர், விளக்கு. பெட்டியின் நெற்றியில் பளபளவென்று ஸ்டிக்கர்: ‘செப்டம்பரில் பிரித்துச் சோதிக்கப்பட்டது. நல்ல நிலை.’ கீழே மிதவைப் பட்டறை ஒஸ்மாரின் கையெழுத்து, ராஜா கையெழுத்து மாதிரி சுழித்து.

“அம்மா, என் விரல் இன்னும் இருக்கு” என்றாள் மிலி.

“எந்த விரல்?”

“போன வருஷம் அப்பா பெயிண்ட் அடிச்சப்ப வெச்சேனே. அப்பாகூடத் திட்டினாரே.”

யானினா குனிந்து பார்த்தாள். எங்கள் கிளப்பில் ஒரு பழக்கம் உண்டு. அக்டோபரில் எங்கள் பக்கம் வசந்தம் வந்ததும் ஆளுக்கொரு டப்பா வெள்ளைப் பூச்சை வாங்கிக்கொண்டு கண்ணில் பட்டதையெல்லாம் பூசுவார்கள். தளம், கைப்பிடி, ஏணி, நகராமல் நின்றால் நாயையும். போன வருட அக்டோபரில் ஹெர்மான் மிதவைப் பெட்டிக்கும் ஒரு கை பூசியிருந்தான், இரண்டு ஓடுகளும் சேரும் விளிம்பையும் சேர்த்து. ஈரம் காயுமுன் மிலி சுண்டுவிரலை அழுத்தியிருந்தாள். சரியாக அந்தச் சேர்க்கையின் மேலேயே. பாதி விரல் மேல் ஓட்டில், பாதி விரல் கீழ் ஓட்டில். ரேகைகூடத் தெரிந்தது.

யானினா நகத்தால் அந்தச் சேர்க்கையைச் சுற்றிலும் தடவிக்கொண்டே வந்தாள். ஒரு கீறல் இல்லை, ஒரு வெடிப்பு இல்லை. பதினாலு மாதமாக அந்தப் பூச்சு அப்படியே கிடந்தது. இந்தச் செப்டம்பரில் இதை யாராவது பிரித்திருந்தால் மகளின் விரல் இரண்டாகியிருக்க வேண்டும்.

ஹெர்மான் கயிற்றுச் சுருளோடு வந்தான். அவள் எழுந்திருக்காமலே கேட்டாள்.

“ஒஸ்மார் இதைப் பட்டறைக்கு எடுத்துட்டுப் போனாரா?”

“போயிருப்பாரு.”

“போனாரா, இல்லையா?”

ஹெர்மான் கயிற்றைக் கீழே வைத்தான். மறுபடி எடுத்தான். “பாரு, எல்லாரும் அப்படித்தான். பிரிச்சு மடிக்க மூணு வாரம் ஆகும், செலவும் ரெட்டிப்பு. ஒஸ்மார் ஞாயித்துக்கிழமை பலகாரப் பெட்டியில ஸ்டிக்கரை வெச்சுக் கொடுத்துடுவாரு. ஸ்டிக்கர் இருந்தாத்தான் கடலுக்கு அனுமதிச் சீட்டு கிடைக்கும். சும்மா ஒரு சம்பிரதாயம்.”

“பலகாரப் பெட்டியிலயா?”

“பிறை ரொட்டி ஒரு டஜன். அது அவரோட மரியாதை.”

“அந்த ரொட்டியை நானும் தின்னேனே” என்றாள் யானினா. ஏனோ அதுதான் அவளுக்கு முதலில் எரிந்தது. “ஹெர்மான், நான் கொதிக்க வைக்காத ஊசி மேல ‘கொதிச்சாச்சு’ன்னு சீட்டு ஒட்டி டாக்டர் கையில கொடுத்தா, அதை மிலி வாயில குத்த விடுவியா?”

“அது வேற.”

“எப்படி வேற?”

பதில் இல்லாத ஆண்கள் எங்கள் கிளப்பில் என்ன செய்வார்களோ அதைச் செய்தான். “நீ பயத்துல பேசுறே” என்றான்.

மறுநாள் ஞாயிறு, வழியனுப்பு விருந்து. ஆற்றங்கரைப் புல்வெளியில் அடுப்பு மூட்டி, விலா எலும்பும் தொத்திறைச்சியும் புகையில் தொங்கின. மாடு ஒன்று போதாதென்று இன்னொன்றின் முக்கால் பாகமும் வந்திருந்தது. ‘தெர்க்கா’வைப் புல்வெளி ஓரத்திலேயே கட்டி, கொடி எல்லாம் ஏற்றியிருந்தார்கள். கிளப் தலைவர் அனிபால் கோப்பையைக் கையில் எடுத்தார். எழுபது வயது, கடலில் கழித்ததைவிடக் கடலைப் பற்றிப் பேசிக் கழித்தது அதிகம். மிதவைக்காரர் ஒஸ்மார் அடுப்புப் பக்கத்தில் முதல் தொத்திறைச்சியை ரொட்டியில் வைத்துக் கடித்துக்கொண்டிருந்தார். முதல் தொத்திறைச்சி எப்போதும் அவருக்குத்தான். ஸ்டிக்கர் கொடுக்கும் கையை யார் பட்டினி போடுவார்கள்?

“நம்ம ஹெர்மான் பெரிய ஆளு” என்று தொடங்கினார் அனிபால். “முன்னால ரெண்டாயிரம் கிலோமீட்டர் தண்ணி. பின்னால வறண்ட ஊர்ப் பொண்டாட்டி. எது கஷ்டம்னு அவனைத்தான் கேக்கணும்.”

எல்லோரும் சிரித்தார்கள். அவர் மேசைக்கடியிலிருந்து ரிப்பன் கட்டிய பெட்டி ஒன்றை எடுத்து யானினாவிடம் நீட்டினார். உள்ளே தீலோ தேநீர். நூறு பொட்டலம்.

“கிளப் சார்பா, அம்மணி. ஒரு நாளைக்கு நாலு. பிரேசில் வரைக்கும் வரும்.”

இப்போது சிரிப்பு இன்னும் பெரிதாக எழுந்தது. ஹெர்மானும் சிரித்தான். முழுசாக இல்லை, பாதி வாயால். ஆனால் சிரித்தான். யானினா அதைப் பார்த்தாள்.

அவள் பெட்டியை வாங்கி மேசையில் வைத்தாள். “நன்றி, டொன் அனிபால்” என்றாள் மரியாதையாக. படகில் ஏறினாள். மிதவையின் பட்டைகளை ஒவ்வொன்றாகக் கழற்றினாள். பெட்டி முப்பத்தைந்து கிலோ. அவள் தளத்தில் உட்கார்ந்து, இரண்டு காலாலும் அதை உதைத்தாள். அது தளத்தைத் தாண்டி, தொம்மென்று புல்வெளியில் விழுந்து, தக்காளி சாலட் இருந்த மேசை வரை உருண்டு வந்து நின்றது.

“ஒல்லி, என்ன பண்றே?” என்று ஹெர்மான் ஓடி வந்தான்.

“கயித்தை இழுக்கப் போறேன். பத்து நொடியில வீடு எழும்பும்னியே.”

“இழுத்தா திரும்ப மடிக்க மூணு வாரம். சனிக்கிழமை போக முடியாது. நல்ல காத்து போயிடும். என் லீவு போயிடும். மூணு வருஷமா நான் காத்திருந்தது…”

“தெரியும். எழும்பினா, நான் எல்லார் முன்னாடியும் மன்னிப்பு கேக்குறேன். இந்த நூறு பொட்டலத்தையும் ஒரே நாள்ல குடிச்சுட்டு, உன்கூட நிலாவுக்கே வரேன்.”

ஒஸ்மார் ரொட்டியை மெல்லுவதை நிறுத்திவிட்டார். “அம்மா, அதெல்லாம் விளையாட்டுச் சாமான் இல்ல. நாளைக்கு நானே பட்டறையில…” என்று ஆரம்பித்தார். யானினா அதற்குள் கயிற்றை உருவிக்கொண்டு நடந்துகொண்டிருந்தாள். எட்டு மீட்டர் வந்தது. முடிவில் அவள் காலை ஊன்றி வெடுக்கென்று ஓர் இழுப்பு இழுத்தாள்.

உள்ளே எதுவோ சீறியது. பெட்டி நடுங்கியது, ஆனால் திறக்கவில்லை; ஹெர்மான் ஆசையாசையாய்ப் பூசிய வெள்ளைப் பூச்சு கெட்டியாகப் பிடித்துக்கொண்டது. பிறகு ஒரு ஓரம் மட்டும் வாய் பிளந்து, ஆரஞ்சு நிறத்தில் ஒரு நாக்கை நீட்டியது. நாக்கு கொஞ்சம் உப்பியது. ஒரு பக்கம் மட்டும், பல்வலிக்காரன் கன்னம் போல. பிறகு பசை போட்ட இடம் நெடுகக் கிழிந்து, ஒரு பெருமூச்சு விட்டுப் படுத்துவிட்டது. அதிலிருந்து வந்த நாற்றத்தில் அடுப்பு நெருப்பே அணைந்தது என்று நான் சொன்னால் நம்ப வேண்டாம். ஆனால் நாய் எழுந்து போனது உண்மை.

யானினா மண்டியிட்டு, பெட்டியை விரியப் பிளந்து, உள்ளே இருந்ததை ஒவ்வொன்றாகப் புல்லில் வைத்தாள். பேட்டரி ஒழுகிப் பச்சை பூத்த விளக்கு. வெடித்துக் காய்ந்த தண்ணீர்ப் பொட்டலங்கள். தொட்டால் உதிரும் கூரைத் துணி. கடைசியாக, பிளாஸ்டிக் உறையில் சோதனை அட்டை. உண்மையாகப் பிரித்துப் பார்க்கும் ஒவ்வொரு தடவையும் அதில் தேதி எழுத வேண்டும். அதை அவள் ஹெர்மானிடம் கொடுத்தாள்.

“சத்தமாப் படி.”

அவன் படித்தான். கடைசித் தேதிக்குப் பதினாலு வயது. அந்தப் படகை அவன் வாங்குவதற்கு முன், அதற்கு முந்தியவர் வாங்குவதற்கும் முன்.

மிலி கிழிந்த துணியின் ஓரத்தில் வந்து நின்றாள். “அப்பா, படகு முழுகினா நாம நாலு பேரும் இதுலயா உக்காரணும்?” அவள் பார்த்துப் பார்த்து இடம் ஒதுக்கினாள். “நான் இங்க. அம்மா இங்க. ரெனாத்தா எங்க உக்காருவா? இங்க ஓட்டையா இருக்கே.”

ஹெர்மான் புல்லில் உட்கார்ந்துவிட்டான். அந்த நாக்குக்குப் பக்கத்தில், நல்ல சட்டையோடு. பெட்டி மேலிருந்த ஸ்டிக்கரை நகத்தால் உரிக்க ஆரம்பித்தான். அது லேசில் வரவில்லை. மிதவையில் போட்ட பசையைவிட ஸ்டிக்கரில் போட்ட பசை உசத்தி.

ஒஸ்மார் தொண்டையைச் செருமினார். “எல்லாரும் என்னைப் பார்த்தா எப்படி? சீக்கிரம் வேணும், மலிவா வேணும்னு கேட்டது யாரு? பதினஞ்சு வருஷமா இப்படித்தான் தரேன். என் ஸ்டிக்கரை வெச்சுக்கிட்டு ஒருத்தராவது முழுகினேன்னு வந்து சொல்லியிருக்காங்களா?”

“முழுகினவங்க எப்படி வந்து சொல்லுவாங்க, டொன் ஒஸ்மார்?” என்றாள் யானினா.

அவ்வளவு நேரமும் அவள் குரல் உயரவில்லை. இப்போது உயர்ந்தது. “மலிவாக் கேட்டது என் புருஷன். அதை மறைக்கல. ஆனா ‘நல்ல நிலை’ன்னு எழுதினது உங்க கை. சனிக்கிழமை என் ரெண்டு பிள்ளைங்களையும் கடல்ல கொண்டுபோய், இந்தக் கந்தல் இருக்குன்ற தைரியத்துல… நான் பயந்தேன். மூணு வருஷமாப் பயந்தேன். ஒருத்தராவது ‘எதுக்குப் பயப்படுறே, வா பார்ப்போம்’னு இந்த மூடியைத் திறந்தீங்களா? தீலோ கொடுத்தீங்க.”

அனிபாலுக்கு முகம் வெளுத்துவிட்டது. அவர் யானினாவைப் பார்க்கவில்லை. தன் படகைப் பார்த்துக்கொண்டிருந்தார். புதன்கிழமை அவர் பேரப்பிள்ளைகள் மூன்று பேரையும் எதிர்க்கரைக்குக் கூட்டிப் போவதாக இருந்தார். அவர் தளத்திலும் ஒரு வெள்ளைப் பெட்டி, அதே சுழித்த கையெழுத்து. கோப்பையை வைத்துவிட்டுப் போய், இரண்டு பேரைக் கூப்பிட்டு அதை இறக்கி வந்தார். தானே இழுத்தார். கயிறு மட்டும் கையோடு வந்தது. மறு முனையில் எதுவும் கட்டப்பட்டிருக்கவில்லை.

அதற்குப் பிறகு விருந்தை யார் கவனித்தார்கள்? இறைச்சி கரியானது. ஆளுக்காள் ஓடிப்போய்ப் பெட்டியைத் தூக்கி வந்தார்கள். அன்று சாயங்காலத்துக்குள் புல்வெளியில் இருபத்திரண்டு மிதவைகள் இழுக்கப்பட்டன. கிளப் எழுத்தர் பதினொன்று என்பார். அவர் எப்போதும் குறைத்துத்தான் சொல்வார். ஆனால் ஒழுங்காக எழும்பியவை இரண்டு என்பதில் அவருக்கும் எனக்கும் சண்டை இல்லை. மற்றவை எல்லாம் புல்லில் செத்த மீன் மாதிரி கிடந்தன. ஒவ்வொன்றின் நெற்றியிலும் ‘நல்ல நிலை’. வருடாவருடம் ஒரு டஜன் பிறை ரொட்டியைத் தின்றுவிட்டு, சொந்தப் பிள்ளைகளை இந்தக் கந்தல்களோடு கடலில் இறக்கினவர்கள்தான் கேள்வி கேட்டவளுக்கு ரிப்பன் கட்டிப் பரிசு கொடுத்தார்கள்.

‘தெர்க்கா’ அந்தச் சனிக்கிழமை கிளம்பவில்லை. ஹெர்மானின் கிறிஸ்துமஸ் வீட்டில்தான். அன்று பிள்ளைகள் தூங்கியதும், அவன் வரைபடத்தை மடித்துக்கொண்டே சொன்னான்: “விருந்துல நானும் சிரிச்சேன்.”

“பார்த்தேன்.”

“மூடியைத் திறந்தா என் பயணம் போயிடுமேன்னுதான் திறக்கல. நீ கோழைன்னு சொல்லிக்கிட்டது எனக்கு வசதியா இருந்தது.”

யானினா அதற்கு ஆறுதல் சொல்லவில்லை. “முதல்ல கொலோனியா போவோம், ஐஸ்கிரீம் சாப்பிட” என்றாள். “மிதவை பிரிக்கும்போது நான் பக்கத்துல இருக்கணும். அதுக்கப்புறம் பிரேசிலைப் பத்திப் பேசு. எனக்குப் பயம் இருக்கும். நான் கேட்டுக்கிட்டேதான் இருப்பேன்.”

“கேளு” என்றான் ஹெர்மான்.

ஒஸ்மாரை என்ன செய்வது என்று கிளப் கூடியது. உரிமம் கொடுத்தவர்களுக்குக் கடிதம் எழுதலாம் என்றார் அனிபால். யானினா கையைத் தூக்கினாள். கடிதமும் எழுதுங்கள், கூடவே இதையும் செய்யச் சொல்லுங்கள் என்று ஒரு நிபந்தனை வைத்தாள். அதன்படி, பிப்ரவரியில் ஒரு ஞாயிறு, ஹெர்மான் வாங்கிய புது மிதவையை ஒஸ்மார் எல்லோர் முன்னிலையிலும் பிரித்தார், சோதித்தார், அட்டையில் தேதி எழுதினார். பிறகு அதைக் காப்பி நிற ஆற்றில் தள்ளி, அவரையே ஏறி உட்காரச் சொன்னார்கள். ஒரு மணி நேரம். கரை முழுக்கக் கூட்டம். பக்கத்துக் கிளப்பிலிருந்தெல்லாம் நாற்காலி தூக்கிக்கொண்டு வந்திருந்தார்கள்.

கூரைக்கடியில் வேர்த்து வழிய உட்கார்ந்திருந்தார் ஒஸ்மார். ஒவ்வொரு மோட்டார் படகு போகும்போதும் இரண்டு கையாலும் ஓரத்தைப் பிடித்துக்கொண்டார். மிதவை அசையாமல் நின்றது. அரை மணி கழித்து அவர் கரையைப் பார்த்துச் சொன்னார்: “முப்பது வருஷமா இந்தத் தொழில்ல இருக்கேன். இதுவரைக்கும் யாரும் என்னை உள்ள ஏறச் சொன்னதில்ல.”

“போன வருஷம் சொல்லியிருந்தா ஏறியிருப்பீங்களா?” என்று கேட்டாள் யானினா.

“மாட்டேன்” என்றார்.

“அவ்வளவுதான் டொன் ஒஸ்மார். நீங்க ஏறி உக்காராத மிதவைக்கு, அடுத்தவங்க பிள்ளை உக்காரட்டும்னு கையெழுத்துப் போடாதீங்க.” பிறகு அவள் கரையில் இருந்தவர்கள் பக்கம் திரும்பினாள். “நீங்களும் கேட்டுக்கோங்க. பொய்ச் சீட்டை விக்கிறவன் ஒருத்தன்தான், வாங்குறது நாம எல்லாரும். வீட்டுல ஒருத்தர் பயமா இருக்குன்னு சொன்னா சிரிக்காதீங்க. எழுந்து போய் மூடியைத் திறந்து பாருங்க.”

யாரும் சிரிக்கவில்லை. அனிபால் தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்திருந்தார். ஒஸ்மார் மெல்ல எழுந்து கரைக்கு வரக் காலைத் தூக்கினார்.

“இன்னும் இருபத்தஞ்சு நிமிஷம் பாக்கி இருக்கு” என்றாள் யானினா. ஃபிளாஸ்க்கைத் திறந்து, ஒரு கோப்பையில் ஊற்றி, குனிந்து அவரிடம் நீட்டினாள். “தீலோ. குடிச்சுட்டு உக்காருங்க. நரம்புக்கு நல்லது.”